கடற்புல்லில் சினை

ஜூன் 9, திங்கள்

மேற்கேயிருந்து கச்சான் காற்று மூன்றாம் நாளாக அடிக்கிறது. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் மணல். பட்டறை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வெள்ளியைப் பற்றவைக்க முடிந்தது.

அக்டோபரில் சென்னையில் கண்காட்சி. காட்சிக்கூடத்தை நடத்தும் வசுமதி என் நகைகளைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். 'கடலைப் பார்த்துச் செய்தவை, கடலிலிருந்து எதையும் எடுக்காதவை' என்று எழுதினேன். உண்மைதான். முத்து, பவளம், சங்கு எதையும் நான் தொடுவதில்லை. வெள்ளியும் பழைய கொலுசு, அறுந்த அரைஞாண், எக்ஸ்ரே படங்களிலிருந்து பிரித்தெடுத்தது.

பெரிய மாலை மட்டும் முடியாமல் நிற்கிறது. போன மாதம் இஞ்ஞாசி அண்ணன் வலையில் ஒரு கொத்துக் கடற்புல் சிக்கி வந்தது. இலைகளின் அடியில் கணவாய் மீன் முட்டையிட்டிருந்தது. அண்ணன் அதைத் திரும்பக் கடலில் விடுவதற்குள் பென்சிலால் வரைந்துகொண்டேன். இலைகளை வெள்ளித் தகட்டில் வெட்டி முடித்தாயிற்று. முட்டைக்கு எதை வைப்பது என்று தெரியவில்லை. வெள்ளிக் குண்டு வைத்தால் கனமாகவும் செத்துப்போயும் தெரிகிறது.

சாயங்காலம் என் கணவர் கிளாட்வின் கப்பலிலிருந்து பேசினார். கடல் மோசமாம். ஆட்டத்தில் சில கன்டெய்னர்கள் தண்ணீரில் விழுந்துவிட்டன, யாருக்கும் அடியில்லை, கொழும்புக்குப் போகிறோம் என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. தூக்கமில்லையா என்றேன். இல்லை என்றார்.

மாதக் கடைசியில் கப்பலை விட்டு இறங்குகிறார். திருநெல்வேலியில் குழந்தைக்காகப் பார்க்கிற டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஜூலை பத்தாம் தேதி வரச்சொல்லியிருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வந்தால் கடற்கரையில் கூட்டம். அலை நுரைக்கிற கோடு முழுக்க வெள்ளை. ஜவ்வரிசி மூட்டை கவிழ்ந்த மாதிரி. லூர்தம்மாள் மதினி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத் துப்பினார். இஞ்ஞாசி அண்ணனின் மனைவி அவர். எதையும் கடித்துப் பார்த்துத்தான் நம்புவார்.

கிழிந்த சாக்கு ஒன்று ஒதுங்கியிருந்தது. அதில் ஆங்கில எழுத்து. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் பொருள் செய்கிற மூலப்பொருள் என்று வாசித்துச் சொன்னேன். எந்தக் கப்பல் என்று கேட்டார்கள். அது இதில் போடவில்லை என்றேன்.

போடவில்லைதான்.

ஜூன் 16

ஊரில் யாரிடமும் கிளாட்வின் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று சொல்லவேண்டாம் என்று அத்தையிடம் சொன்னேன். "நான் எதுக்குச் சொல்லுதேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மகனைப் பெற்றவர் எனக்கு முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

அரசு ஆட்கள் சல்லடையும் கையுறையும் கொண்டுவந்திருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், சிஸ்டர்கள், ஊர்ப் பெண்கள் எல்லோரும் மணலைச் சலிக்கிறோம். காலையில் சலித்த இடம் சாயங்காலம் மறுபடி வெள்ளையாகிவிடுகிறது. ஒவ்வொரு அலையும் ஒரு கை கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறது.

மீன் எடுக்க ஆள் வருவதில்லை. லூர்தம்மாள் மதினி பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய் அதே கூடையோடு திரும்பி வந்தார். எங்கள் வாசலில் இறக்கிவைத்து, ஒரு சாளை மீனைப் பிளந்து காட்டினார். குடலுக்குள் அந்தப் பிளாஸ்டிக் மணிகள் மூன்று. வெள்ளையாக, முழுசாக.

அத்தை எல்லா மீனையும் வாங்கிக்கொண்டார். நாங்கள் சமைக்கவில்லை. கொல்லையில் தென்னைக்குப் புதைத்தோம்.

ஜூன் 27

பேப்பரில் கப்பல் பெயர் வந்துவிட்டது. நார்த் அமேலியா. ஒன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிவாக்கில் நடந்ததாகப் போட்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டிலிருந்து நாலு, கப்பலைச் செலுத்துகிற அறையில் கிளாட்வின் காவல் பார்க்கும் நேரம். இரண்டாம் அதிகாரிக்கு எந்தக் கப்பலிலும் அதுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த நேரத்தில் நான் அவரைக் கூப்பிடுவதில்லை.

பேப்பரை மடித்து வைத்தேன். குக்கர் வாஷர் மாற்றவேண்டும். பருப்பு வேகவே இல்லை.

ஜூலை 1

கிளாட்வின் இறங்கவில்லை. விசாரணை முடியும்வரை கப்டனும் அதிகாரிகளும் கொழும்பை விட்டுப் போகக்கூடாதாம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது, இவர்கள் அதிலேயே இருக்கிறார்கள்.

சாப்பாடு எப்படி என்று கேட்டேன். அரிசி நன்றாக இருக்கிறதாம். வேறு என்ன பேசினோம் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில்லை.

அவர் நிற்கிற தண்ணீரும் என் ஜன்னலுக்கு வெளியே கிடக்கிற தண்ணீரும் ஒன்றுதான். கப்பலில் இருந்ததெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. அவரைத் தவிர.

ஜூலை 10

திருநெல்வேலிக்குத் தனியாகப் போனேன். வீட்டுக்காரர் வரலையா என்றார் டாக்டரம்மா. இன்னும் கப்பலில்தான் என்றேன். என் வயதைச் சீட்டில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இனிமேல் தள்ளிப்போடாதீர்கள், ஒவ்வொரு மாதமும் கணக்குத்தான் என்றார் மெதுவாக. சரி என்றேன். யார் தள்ளிப்போடுகிறார்கள்?

வரும்போது பஸ்ஸில் ஒரு பெண் கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுச் சில்லறை தேடினாள். ஸ்ரீவைகுண்டம் வரை தேடினாள்.

ஜூலை 14

சுத்தம் செய்பவர்களைக் கண்காணிக்கும் அம்மாவிடம் கேட்டு ஒரு டப்பா மணி வாங்கி வந்தேன். கழுவிக் காயவைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே வெள்ளை இல்லை. சில பால் நிறம், சில எண்ணெய் பட்டு மஞ்சள் ஓடியவை, சிலவற்றில் வெளிச்சம் உள்ளே போகிறது.

ஒன்றை எடுத்து வெள்ளிப் புல்லின் அடியில் வைத்தேன். கணவாய் முட்டை. இவ்வளவு நாள் தேடியது இதுதான் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. மனசுக்குத்தான் பிடிக்கவில்லை.

தீப்பக்கம் கொண்டுபோனால் உருகும். அதனால் இலையையும் கம்பியையும் முதலில் பற்றவைத்து, ஆறவிட்டு, மெருகு போட்டபிறகு ஒவ்வொரு மணியையும் நான்கு கம்பி விரல்களுக்குள் அழுத்திப் பிடிக்க வைக்கவேண்டும். கூடுதலாக அழுத்தினால் மணி தெறித்து ஓடுகிறது. இன்று ஓர் இலைதான் முடிந்தது.

ஜூலை 26

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். போகவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழாவுக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று டிசம்பரில் சொல்லிவிட்டுப் போனவர். அத்தை அவருக்கென்று எடுத்த சட்டையை இஸ்திரி போட்டு மறுபடி பீரோவில் வைத்தார்.

பெரிய மாலை பாதி முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 12

இன்று சொன்னார். நான் கேட்கவில்லை. இத்தனை நாளும் கேட்காமலே இருந்தது அவரைத் தாங்கமுடியாமல் செய்திருக்க வேண்டும்.

அன்று காலையிலேயே, கன்டெய்னர்களை இழுத்துக் கட்டியிருந்த இரும்புக் கம்பிகளில் சில தளர்ந்திருந்ததைக் கிளாட்வின் பார்த்திருக்கிறார். முதன்மை அதிகாரியிடம் சொன்னாராம். கொழும்பில் பார்த்துக்கொள்ளலாம், ஏற்கனவே தாமதம் என்றாராம் அவர். காவலுக்கு வந்தபிறகு அலை பெரிதானது. வேகத்தைக் குறைக்கவேண்டும், அதற்குக் கப்டனை எழுப்பவேண்டும். கப்டன் இரண்டு இரவு தூங்காமல் அப்போதுதான் படுத்திருந்தார். எழுப்பினால் கத்துகிற மனிதர். கொஞ்சம் பார்ப்போம் என்று கிளாட்வின் நின்றிருக்கிறார். அந்தக் 'கொஞ்ச'த்தில் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது, கம்பிகள் அறுந்தன.

"எழுப்பியிருக்கணும் ஜெனோ. நான் கையை போன் மேல வச்சிட்டு நின்னேன்."

கம்பெனி வக்கீல், அலை திடீரென்று வந்தது, யாரும் எதிர்பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லச் சொல்கிறாராம். எல்லோரும் அப்படிச் சொன்னால் அடுத்த மாதமே ஊருக்கு வரலாம். நடந்ததைச் சொன்னால் வழக்கு நீளும். வேலைச் சான்றிதழும் போய்விடலாம்.

"நீ சொல்லு, என்ன செய்ய?"

"வந்துருங்க" என்றேன்.

 அவர் சரி என்று சொல்லவில்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை.

ஆகஸ்ட் 13

காலையில் கரைக்குச் சலிக்கப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

ஆகஸ்ட் 19

வசுமதி போனில் மாலையின் படத்தைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். இதுதான் கண்காட்சியின் நடுவில் இருக்கவேண்டுமாம். பக்கத்தில் வைக்கிற அட்டையில் கப்பலின் பெயரைப் போட்டால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கு ஜெனோவா, இப்படி ஒரு காரியத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டாமா என்றார். சரியாகத்தான் சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது.

நான் அனுப்பிய நாலு வரியைத் திருப்பி அனுப்பி, மாற்றம் உண்டா என்று கேட்டிருக்கிறார். 'கடலிலிருந்து எதையும் எடுக்காதவை.' இந்தப் பட்டறை, இந்த வீடு, அத்தையின் கண் ஆபரேஷன், நான் நகைத்தொழில் படித்தது எல்லாம் கப்பல் சம்பளம். இத்தனை வருடம் அந்த வரியை எழுதும்போது ஒருநாளும் இது தோன்றவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

படம் எடுக்கிற பெண்ணை வசுமதி அனுப்பியிருந்தார். மாலையைக் கடற்கரையில் யாராவது போட்டுக்கொண்டு நின்றால் நன்றாக இருக்கும் என்றாள் அவள். நான் நிற்க மாட்டேன் என்றேன். அப்போது லூர்தம்மாள் மதினி சல்லடையோடு வந்தார். அவரிடம் கேட்டதும், இந்த வயசில எனக்கா என்று வெட்கப்பட்டார். ஆனாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். நான்தான் மாட்டிவிட்டேன்.

குனிந்து பார்த்தார். "கணவாச் சினைல்லா இது" என்றார். முகம் மலர்ந்துபோனது. விரலால் தொட்டதும் தெரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. கழற்றுவார் என்று நினைத்தேன், கழற்றவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பேப்பர்ல பேரு போட்டானாம். பேரு என்னளா பேரு. அந்தக் கப்பல்ல ஒரு மனுசன் இருந்திருப்பான்லா? அவனுக்கும் பொண்டாட்டி பிள்ள இருக்கும்லா? ஒருத்தனும் வாயத் தொறக்கலியே."

"மதினி, அந்தக் கப்பல்லதான் அவுக இருக்காக" என்றேன்.

"எவுக?"

"உங்க தம்பிதான். கிளாட்வின்."

படம் எடுக்கிற பெண் கேமராவை இறக்கிவிட்டாள். மதினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பந்தலில் மீன் வெட்டிக் கொடுத்தவர் அவர்.

"எப்பம் தெரியும் ஒனக்கு?"

"மொதல்லயே."

"சாக்கு வாசிச்சியே, அன்னைக்கே?"

"அன்னைக்கே."

மாலையைத் தானே கழற்றினார். கொக்கி எங்கே என்று தெரியாமல் தடவினார், நான் உதவ நீட்டிய கையைத் தள்ளிவிட்டார். என் கையில் வைத்துவிட்டு, "அவன் வந்து இந்தக் கரையில நின்னு ஒரு வார்த்த சொல்லணும். அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாத" என்று சொல்லிவிட்டுச் சல்லடையை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் கொழும்புக்குப் போன் போட்டேன். முதலில் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், நடந்ததைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"வியாழக்கிழமையே சொல்லிட்டேன் ஜெனோ" என்றார். "கம்பி தளர்ந்திருந்தது, நான் எழுப்பாதது, எல்லாம். ஒங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. நீ வான்னு சொன்னே."

நல்லது செய்தீர்கள் என்றேன். எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஆகலாம் என்று அவரே சொன்னார்.

போனை வைத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அத்தை கதவைத் தட்டி, தொட்டித் தண்ணி பூராவும் போகுது என்றார். பிறகு, போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். வரிசையில் மதினி எனக்கு முன்னால் நின்றார். திரும்பவில்லை.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. தண்ணீர் லாரி வந்தால் வழிவிடுகிறார்கள். அதுதான் தாங்கவில்லை. முன்பெல்லாம் குடத்தால் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

தினமும் காலையில் போய்ச் சலிக்கிறேன். மணி இப்போது குறைந்துவிட்டது. மணலுக்கு அடியில் போய்விட்டது என்கிறார்கள்.

அக்டோபர் 11, சனி

சென்னை. கண்காட்சி தொடங்கிவிட்டது.

பழைய நாலு வரியை எடுத்துவிட்டேன். அட்டையில் மாலையின் பெயர் 'சினை' என்று போட்டு, மணிகள் எந்தக் கப்பலிலிருந்து எந்தக் கரைக்கு வந்தன என்பதை எழுதி, கீழே 'அன்று அந்த நேரத்தில் கப்பலில் காவல் பார்த்தவர் என் கணவர்' என்று சேர்த்தேன். கிளாட்வினிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதினேன். வசுமதி வாசித்துவிட்டு வெகுநேரம் என் தோளில் கைவைத்து நின்றார். பத்திரிகைக்காரர்களை நான் கூப்பிடவில்லை என்றார். ஒருவர் மட்டும் தானாக வந்தார்.

காதில் வைரம் போட்ட ஓர் அம்மா மாலையை வெகுநேரம் பார்த்தார். விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். அட்டையை மறுபடி வாசித்தார். "அவர் வந்துட்டாராம்மா?" என்றார்.

இத்தனை பேரில் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

நவம்பர் 14, வெள்ளி, கொழும்பு

விசா கிடைத்தது. கிளாட்வினைக் கப்பலிலிருந்து இறக்கி ஊருக்குள் ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு தமிழ் அம்மா வீட்டு மாடியை எனக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார்.

விமான நிலையத்தில் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றார். மெலிந்து, தாடி நரைத்து. கப்பல் வெள்ளைச் சட்டை போடாமல் அவரை வெளிநாட்டில் பார்ப்பது இதுதான் முதல் முறை. பையை வாங்கிக்கொண்டு, கனமே இல்லையே என்றார். கருவாடு கொண்டுவர விடமாட்டார்கள் என்று அத்தை நினைத்துக்கொண்டார்கள் என்றேன். அதற்கே இரண்டு பேரும் சிரித்தோம், ரொம்ப நேரம்.

நவம்பர் 15

நல்ல மழை. எங்கும் போகவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்ததும், இஞ்ஞாசி அண்ணனுக்குப் போன் போடச் சொன்னார். அண்ணன் எடுத்தார். நான் ஸ்பீக்கரில் போட்டுப் போனை இவரிடம் கொடுத்தேன். கரையில் நின்று சொல்லவேண்டியதைத் தூரத்திலிருந்து சொல்கிறேன், வந்ததும் நேரிலும் சொல்வேன் என்று ஆரம்பித்தார். எதையும் குறைக்கவில்லை. கம்பி தளர்ந்தது, தான் எழுப்பாமல் நின்றது, தண்ணீரில் விழுந்ததைப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னார். வாக்கியங்களுக்கு நடுவே வாயைத் துடைத்துக்கொண்டார்.

 "மதினி பக்கத்துல இருக்காவளா?" என்று இவர் கேட்டார். இருக்கிறாள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்றார் அண்ணன். அப்புறம் மதினியின் குரல் வந்தது.

"கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டது.

மன்னித்தாரா இல்லையா என்று என்னிடம் கேட்டார் கிளாட்வின். எனக்குத் தெரியவில்லை என்றேன். கேட்டுவிட்டார், அது நடந்துவிட்டது.

திருநெல்வேலி டாக்டரம்மா சொன்னதை இன்றுதான் கிளாட்வினிடம் சொன்னேன்.  ஒரு வருஷம் என்று அவர் வாயைத் திறந்தபோது நான் விரலை வைத்து மூடினேன். தேதி எதுவும் சொல்லவேண்டாம் என்று தோன்றியது.

நவம்பர் 17, திங்கள்

ஆட்டோவில் கட்டுநாயக்க விமான நிலையம் வரை கூட வந்தார். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த உள்ளங்கையில் எப்போதும் ஏணிக்கம்பி பிடித்துக் காய்த்த தடிப்பு இருக்கும். ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆனாலும் போகாது. இப்போது அது இல்லை. ஒரு வேலையும் செய்யாத கையாக மென்மையாகக் கிடந்தது. வேறு யாருடையதையோ பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. கட்டுநாயக்க வரும்வரை அதைத் தடவித் தடவிப் பழகிக்கொண்டேன்.

உள்ளே போனபிறகு கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன். கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றார், நான் பார்ப்பது தெரியாமல்.

விமானம் கடலுக்கு மேல் வந்ததும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். கீழே ஒரு கப்பல்கூட இல்லை. பணிப்பெண் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிப்பதற்குள் கரை தெரிந்துவிட்டது. இவ்வளவுதான் தூரம். பெல்ட்டைப் போடச் சொன்னார்கள். நான் கழற்றவே இல்லை.